இடப்பக்கத் தகடு

கணவரின் வலது கையில் மாட்டியிருந்த பஞ்சுக் கையுறையின் நாடாவை ரஞ்சிதம் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூச்சுக்காக வாயில் போட்டிருக்கும் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று ஆஸ்பத்திரித் தாதி மாட்டிவிட்டது அது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது கழற்றிக்கொள்ளலாம். ஆள் இருக்கிறாள். பதினோரு நாளாக இருக்கிறாள். தெம்பனிஸ் வீட்டிலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அறுபத்து நான்கு வயதில் உட்கார்ந்தே கால் வீங்கும் என்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி படுத்தாலும் போகவில்லை.

கையுறை கழன்றது. சேதுபதி கண்ணைத் திறக்கவில்லை. விரல் மட்டும் கட்டில் கம்பியைத் தேடிப் போயிற்று. நகத்தால் தட்டினார். டொக், டொக், டொக். கொஞ்சம் நிறுத்தினார். மறுபடியும் மூன்று.

"நேத்தும் இப்படித்தான் தட்டினாரு," என்றாள் மகள் ரக்ஷனா. செங்காங்கிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "ஏதாச்சும் சொல்ல வர்றாராம்மா?"

"கை மரத்துப் போயிருக்கும்," என்றாள் ரஞ்சிதம்.

பொய். நேற்றுக் காலையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

சேதுபதி முப்பத்து நான்கு வருஷம் விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் தகடு வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் ஊரில் எல்லாரும் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்ப, இவர் ஒரு காரை வாங்கினார். கார் என்றா சொன்னேன், பெட்டிகள். சட்டம் ஒரு பெட்டி, சக்கரம் ஒரு பெட்டி. வாங்குகிறவரே கோத்துக்கொள்ள வேண்டிய இரண்டு பேர் வண்டி. கப்பலில் வரும்போதே அதன் பின்பக்கத்து ஃபைபர் உடம்பு விரிசல் விட்டுவிட்டது. திருப்பி அனுப்பலாம் என்றார்கள். இவர் அனுப்பவில்லை. அலுமினியத் தகட்டில் நானே அடித்துக்கொள்கிறேன் என்றார். காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அஸ்மத் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தான். இப்படிச் செய்த வண்டியை இந்த ஊரில் ரோட்டில் இறக்க அனுமதி வாங்குவது நடக்கிற காரியமா என்று கேட்காத ஆளில்லை. "ஓட்டறதுக்குன்னு யாரு சொன்னா?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தகட்டை மரக்கட்டை மேல் வைத்து வளைத்து, பின் சக்கரத்துக்கு மேலே பொருத்திப் பார்த்து, மறுபடி கழற்றி, ஒரு நூல் தேய்த்து, மறுபடி பொருத்தி, வலப்பக்கத்துக்கே ஏழு மாதம் ஆயிற்று. அதெல்லாம் ஒற்றை ஆள் வேலை. தகட்டைச் சட்டத்தோடு இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பது அப்படியில்லை. வெளியே ஒருவர் நின்று கருவியால் அடிக்கவேண்டும். உள்ளே ஒருவர், துளை வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரிவெட்டின் வாலில் இரும்புக் கட்டியை நேராகப் பிடிக்கவேண்டும். அப்போதுதான் வால் நசுங்கித் தகட்டைக் கவ்வும். கட்டி சாய்ந்தால் வால் மடங்கிவிடும். பின்பக்கத்து உள்குழி குறுகல். சேதுபதியின் தோள் அதற்குள் போகாது. ரஞ்சிதத்தின் கை போயிற்று. பிறகு ரஞ்சிதமே போனாள்.

"அண்ணே, அக்காவை டிக்கிக்குள்ள அடைச்சு வச்சிருக்கீங்கன்னு போலீஸுக்குச் சொல்லப்போறேன் லா," என்பான் அஸ்மத். தேநீரை அவளுக்கு அந்தக் குழிக்குள்ளேயே நீட்டுவான்.

காதடைப்பான் போட்டுக்கொண்டு, தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருப்பவர்கள் பேசிக்கொள்ள முடியாது. அதனால் தட்டு. உள்ளே இருப்பவர்தான் தட்டவேண்டும், ஏனென்றால் வால் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி, போதும். மூன்று என்றால் கெட்டுப்போயிற்று, துளைத்து எடுத்துவிடு.

முப்பத்தெட்டு வருஷத்துக் குடித்தனத்தில் அவர்கள் இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் ரஞ்சிதத்துக்கு மூன்று தட்ட வராது. நின்று நின்று அவர் இடுப்பு நோகுமே, மறுபடி துளைத்து எடுக்கணுமே என்று, கோணலாக மடங்கியதற்கும் இரண்டு தட்டிவிடுவாள். வேலை முடிந்ததும் அவர் வெளியிலிருந்து கட்டைவிரலால் ஒவ்வொரு ரிவெட் தலையாகத் தடவிக்கொண்டு வருவார். சந்தேகப்பட்டதைப் பென்சிலால் வட்டமிட்டு, குழிக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வட்டத்துக்குள் பெருக்கல் குறி போடுவார். எடுக்கவேண்டியது என்று அர்த்தம். வலப்பக்கத்தில் நான்கு பெருக்கல் குறி விழுந்தது.

"நீ பாவம் பாக்குற, ரஞ்சி," என்றார் அன்றைக்கு. திட்டவில்லை. "ரிவெட்டுக்குப் பாவம் பாத்தா தகடு ஆடும்."

இடப்பக்கம் தொடங்கும்போதே இருமல் வந்துவிட்டது. கடைசி வரிசை அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம் ஒரு ரிவெட்டுக்கும் அடுத்த ரிவெட்டுக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். அதில் ஒன்று மடங்கிற்று. ரஞ்சிதம் வாலைப் பார்த்தாள். தகட்டுக்கு அந்தப் பக்கம் அவர் இழுக்கும் மூச்சு, காதடைப்பானையும் மீறிக் கேட்டது. இரண்டு தட்டினாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி.

இப்போது உள்ளே இருப்பவர் அவர். தட்டவேண்டியவரும் அவர்தான்.

பன்னிரண்டு மணிக்கு மருத்துவர் அம்மாவையும் மகளையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். இளவயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார். நுரையீரல் காய்ந்து இறுகிவிட்டது, இனிமேல் இளகாது. வாயில் குழாயை இதற்கு மேல் வைத்திருக்க முடியாது. தொண்டையில் துளை போட்டு அதன் வழியாக இயந்திரத்தோடு இணைக்கலாம். சில வாரங்கள் போகலாம், சில மாதங்களும் போகலாம், ஆனால் படுக்கையை விட்டு எழமாட்டார். இல்லையென்றால் சிரமம் தெரியாமலிருக்க மருந்து கொடுத்துக் குழாயை எடுத்துவிடலாம். அவர் மயக்கத்திலும் விழிப்பிலுமாக இருக்கிறார், கேட்டால் பதில் தெளிவாக வரவில்லை, அவருடைய விருப்பம் என்னவாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

ரக்ஷனா உடனே பதில் சொன்னாள். துளை போடுங்கள். அப்பா எதையும் பாதியில் விட்டவரில்லை, அந்தக் காரைப் பாருங்கள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். மருத்துவரும் பார்த்தார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கட்டில் இருக்கும், கை இருக்கும், காலையில் பஸ் இருக்கும். ரஞ்சிதம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பியில் அவர் விரல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் தன் மோதிரத்தால் ஒரு தடவை தட்டினாள். இன்னும் கொஞ்சம்.

சேதுபதி கண்ணைத் திறந்தார். அவளையே பார்த்தார். பிறகு, வேலை தெரியாத புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல், நிதானமாக, ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் திரும்பிப் போய், "எடுக்கச் சொல்றாரு," என்றாள்.

"யாரும்மா?"

"உங்கப்பா. ரெண்டு நாளா சொல்லிக்கிட்டிருக்காரு. நான்தான் மறைச்சேன்." ரிவெட் அடிக்கும்போது ஒரு தட்டுக்கும் இரண்டுக்கும் மூன்றுக்கும் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் சொன்னாள்.

ரக்ஷனா எழுந்துவிட்டாள். "ரிவெட்டும் அப்பாவும் ஒண்ணாம்மா? தட்டறதை வச்சா இதை முடிவு பண்ணுவீங்க?"

மருத்துவர்தான், நாம் அவரிடமே கேட்போம் என்றார். மயக்க மருந்தைக் குறைத்துக் காத்திருந்து, சேதுபதியின் காதருகே குனிந்து, சரியென்றால் இரண்டு, வேண்டாமென்றால் மூன்று தட்டுங்கள் என்று சொல்லி, முதலில் துளை போடட்டுமா என்று கேட்டார். மூன்று தட்டு. குழாயை எடுத்துவிடட்டுமா, எடுத்தால் பிழைக்கமாட்டீர்கள் என்று தெரிகிறதா என்றார். இரண்டு. கேள்வியை மாற்றிப்போட்டும் கேட்டார். பதில் மாறவில்லை. ரக்ஷனா அப்பாவின் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் குழாயை எடுத்தார்கள். ஐந்தரைக்கு மூச்சு நின்றது. இடையில் ஒரு தடவை அவர் விரல் கம்பியைத் தேடியது. ரஞ்சிதம் அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, அவர் மணிக்கட்டில் மெதுவாக இரண்டு தட்டினாள்.

மறுநாள் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், பாக்கெட் பானம், வேர்க்கடலை. வந்தவர்கள், அந்தக் காரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மறக்காமல் கேட்டார்கள். மண்டாய் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்து, அடுத்த நாள் காலை சாம்பலை வாங்கிக்கொண்டு வந்தாயிற்று. வீட்டில் இரண்டு காதடைப்பானில் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று பட்டறையில் கிடக்கிறது, எடுத்துவருகிறேன் என்று ரஞ்சிதம் சாயங்காலம் கிளம்பினாள். நாளைக்குப் போகலாமே என்றாள் ரக்ஷனா. ஆனாலும் கூடவே வந்தாள்.

அஸ்மத் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றான். வண்டி இருந்த மாதிரியே இருந்தது. இடப்பக்கத் தகட்டின் ஓரத்தில் ரிவெட் அடிக்காத ஐந்து துளையில் தற்காலிக ஊசிகள் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு ஆளே அடிக்கிற ரிவெட் இருக்கிறது, அதைப் போட்டு முடித்துத் தரட்டுமா என்று அஸ்மத் கேட்டான். ரஞ்சிதம் தலையாட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, அவனுக்குத் தெரியவில்லை.

அவள் வெளிப்பக்கமாகக் குனிந்து நின்றாள். இத்தனை மாதத்தில் இந்தப் பக்கம் நின்று பார்த்ததே இல்லை. அவர் செய்வதுபோல் கட்டைவிரலை வரிசையின் மேல் ஓட்டினாள். ஒன்பதாவது தலை லேசாகச் சாய்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பென்சில் வட்டம்.

வட்டத்துக்குள் பெருக்கல் குறி இல்லை.

"அது கோணலாத்தான் இருக்கு அக்கா," என்றான் அஸ்மத். "அண்ணன் விளக்கு புடிச்சுப் பாத்துட்டு, இருக்கட்டும்டான்னு சொல்லிட்டாரு. ட்ரில்லை எடுத்தாரட்டா, எடுத்துடலாமா?"

"வேணாம் தம்பி."

தகட்டின் மேல் இரண்டு மூன்று வாரத் தூசி இருந்தது. ரஞ்சிதம் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துத் துடைக்க ஆரம்பித்தாள். அந்த வட்டத்தின் மேல் படாமல், அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.