இரண்டு கிளினிக்

காலை ஏழரைக்குக் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் என் கணவர் விமலன் மெத்தடோன் குடிப்பார். குடித்ததும் மருந்தாளர் பெயரைச் சொல்லச் சொல்வார். வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பேச முடியாதல்லவா. போதை ஊசியை விட்ட நாலு வருடமாக அவரை நிமிர்த்தி வைத்திருப்பது அந்த ஒரு மிடறுதான். ஒன்பது மணிக்கு ஜெஞ்சாரோம் கிளினிக்கில் காசநோய் மாத்திரை. அங்கேயும் நர்ஸ் பார்க்கத்தான் விழுங்க வேண்டும். இது ஆரம்பித்து மூன்று வாரம்.

அந்த நர்ஸ் சீதாலெட்சுமி அக்கா எங்கள் தாமான் குடியிருப்புக்காரர். கோயில் கமிட்டியில் என் மாமியாருக்குப் பக்கத்து நாற்காலி. அதனால் வேறு மருந்து குடிக்கிறீர்களா என்று அக்கா கேட்டபோது இவர் இல்லை என்றுவிட்டார். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டேன். கிள்ளானிலும் காசநோயைப் பற்றி மூச்சு விடவில்லை. வராதே என்றுவிடுவார்களோ என்று பயம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வாரம் அவருக்கு உடம்பை முறுக்கியது. கொட்டாவி, மூக்கில் நீர், வியர்வை. அந்தக் காலத்தில் சாமான் கிடைக்காத நாட்களில் பார்த்த அதே கோலம். பழைய குணம் திரும்பிவிட்டது என்று மாமியார் முணுமுணுத்தார். இவர் குளிக்கப் போனதும் நான் இவருடைய சட்டைப் பையைத் துழாவினேன். துண்டு எடுக்கத் திரும்பி வந்தவர் பார்த்துவிட்டார்.

"நான் தொடல, புனிதா. ஆனா இப்படியே போனா தொட்டுருவேன்."

மறுநாள் காசநோய் அட்டையைக் கிள்ளான் மருந்தாளர் முன்னால் வைத்தேன். அதில் ஒரு மருந்து மெத்தடோனைச் சீக்கிரமே உடம்பிலிருந்து கழித்துவிடுமாம். டாக்டர் மெத்தடோன் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார், காசநோய் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார். மாத்திரை முடிகிறபோது மெத்தடோனைத் திரும்பக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் மூச்சே நின்றுபோகலாம். அதனால் ஜெஞ்சாரோமிலும் தெரிந்தாக வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்.

ஜெஞ்சாரோமில் பாதித் தாமான் உட்கார்ந்திருந்தது. கடிதத்தைச் சத்தமில்லாமல் நீட்டிவிடலாம் என்று கைப்பையைத் திறந்தேன். விமலன் அதை வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனார். முகமூடிக்குள்ளிருந்து வந்தாலும் குரல் தெளிவாக இருந்தது.

"அக்கா, நான் மெத்தடோன் குடிக்கிறேன் லா. நாலு வருஷமா. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். எழுதிக்குங்க."

சீதாலெட்சுமி அக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவருடைய ஃபைலை எடுத்துப் பேனாவைத் திறந்து, தினமும் எவ்வளவு என்று கேட்டார். அவர் சொன்னார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.