மேல் இடது மூலை

வீட்டில் தம்பியை 'மார்க்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். குடையோ செருப்போ, எதைப் பார்த்தாலும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கணினிப் பத்திரிகை ஒன்று அதற்குச் சம்பளமும் கொடுத்தது.

இன்று, கணினியின் தாய்ப்பலகையான ஒரு புது மதர்போர்டுக்கு ஒன்பது போட்டிருந்தான். ஐந்து மணிக்கு அந்த மதிப்புரைப் பக்கம் அச்சுக்குப் போகும். 'ஆண்டின் சிறந்த போர்டு' அதுதான். அவன் சொல்லை நம்பி ஆயிரம் பேர் வாங்குவார்கள். அதே போர்டைப் பல் டாக்டர் அக்காவின் கிளினிக் கணினியில் மதிய இடைவேளையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

மாட்டும்போதே விளக்கமும் நடந்தது. நடுவில் இருக்கும் சதுரத்தில் பிராசஸர் உட்காரும், அதை ஒட்டினாற்போல் மெமரி, ஏனென்றால் இரண்டுக்கும் இடையே தூரம் குறைந்தால்தான் வேகம். அக்கா கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

போர்டைக் கணினிப் பெட்டிக்குள் வைத்து எல்லாத் திருகும் முடுக்கியாயிற்று. பிராசஸருக்கு மின்சாரம் தரும் கேபிள் மட்டும் பாக்கி. அதைச் செருகும் இடம் மேல் இடது மூலை. ஒரு பக்கம் சூட்டை இறக்கும் உலோகக் கட்டி, தலைக்கு மேல் பெட்டியின் கூரை. தம்பியின் விரல் நுழையவே இல்லை. மேசையில் சுலபமாகப் போனதே என்று முனகினான்.

பெட்டிக்குள் வைத்தே பார்க்கவில்லையா என்று அக்கா கேட்டாள். பாகங்களை அடிக்கடி மாற்ற வேண்டும், அதனால் எப்போதும் மேசையில் பரப்பித்தான் சோதிப்போம் என்றான்.

"தாடையைக் கழட்டி மேசை மேல வச்சுக் குடுத்தா, நானும் கண்ணை மூடிக்கிட்டுப் பல்லு புடுங்குவேன்டா" என்றாள் அக்கா.

கையுறை மாட்டி, வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை மூலைக்குள் நீட்டினாள். ஞானப்பல்லைத் தேடிப் பழகிய இரண்டு விரல்கள் உள்ளே போயின. டக்கென்று சத்தம். மின்விசிறி சுற்றியது.

தம்பிக்கு உயிர் வந்தது. "போயிருச்சுல்ல? அப்ப ஒம்பது ஒம்பதுதான்."

அக்கா கையுறையைக் கழற்றினாள். "வாங்குறவங்க வீட்டுல எல்லாம் ஒரு பல் டாக்டர் இருப்பாளாடா?"

அவன் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டு, ஒன்பதை ஏழாக்கச் சொன்னான். திருகை முடுக்கும் முன்பே அந்தக் கேபிளைச் செருகிவிடுங்கள் என்று ஒரு வரியும், மேசையில் மட்டும் பார்த்தது என் தப்பு என்று இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னான். தலைப்பே போட்டாயிற்று என்று ஆசிரியர் பல்லைக் கடித்தார். அப்புறம், இரண்டாவதாக வந்த எட்டரை மார்க் போர்டைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டார்.

தம்பி தன் பையைப் பார்த்தான். எட்டரை அதற்குள்தான் இருந்தது. மணி மூன்றரை. அவன் கண் மெல்ல அக்காவின் பெட்டிப் பக்கம் போனது.

அக்கா பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "இதுல கை வச்சே, உன் கடைவாய்ப் பல்லுக்கு நான் மார்க்கு போடுவேன்."