உப்பில்லாமல் ஒரு கைப்பிடி

1

அசோகன் இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே கடலை தின்னாமல் இருப்பதற்காகத்தான். கைக்கு வேலை கொடுத்தால் வாய் சும்மா இருக்கும் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொன்னார்கள். எழுத ஒரு கை போதும் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் வரியை இப்படித் தொடங்கினான்: 'மரக்காணத்து உப்பளங்களின் மேல் வெயில் ஒரு வெள்ளைப் புடவையைப் போல'

அடித்துவிட்டான். அவன் உப்பு லாரிகளுக்கு எடை போடும் மேடையில் கிளார்க். அங்கே வெயிலைப் பார்த்தால் கண் கூசும். புடவை எதுவும் இதுவரை தெரிந்ததில்லை.

இரண்டாவது தொடக்கம்: 'அசோகனின் எடை தொண்ணூற்றாறு கிலோ.' அழகில்லை. உண்மை. இருக்கட்டும்.

2

அவன் தங்கை பூவிழிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். மாற்றுச் சிறுநீரகம் கொடுக்கக் கணவன் சுரேஷின் ரத்தம் பொருந்தவில்லை. அண்ணனுடையது பொருந்தியது. "நான் குடுக்கறேன் டாக்டர்" என்று அசோகன் சொன்ன வேகத்தில் நர்ஸே திரும்பிப் பார்த்தாள்.

(இந்த இடத்தில் 'அவன் நெஞ்சு நிமிர்ந்தது' என்று ஒரு வரி இருந்தது. கூடவே வயிறும் நிமிர்ந்ததால் எடுத்துவிட்டான்.)

டாக்டர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எடையை எண்பத்தஞ்சுக்குக் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம். மூணு மாசம் டைம்."

உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். சாயங்காலப் பசிக்கு போண்டா கூடாது. அதற்குப் பதில் உப்பில்லாத பாதாம், வால்நட், வேர்க்கடலை, எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி. யாருடைய கை என்று தாளில் போடவில்லை. உப்பளத்தில் உப்பு வாரப் பலகை இழுத்த அப்பாவின் அகலக் கை அசோகனுக்கு அப்படியே வந்திருந்தது.

3

நாலு மணிக்கு ஒரு கைப்பிடி. ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி. நடுவில் வரும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கைப்பிடி. கொட்டைகளில் இருப்பது நல்ல கொழுப்பு என்று படித்திருந்தான். நல்லதில் அளவென்ன?

லோடுமேன் தனக்கோடி ஒருநாள் அவன் கடலை தின்பதை நின்று பார்த்தார். "ஏம்பா அசோகா, நீ டயட்டுக்கு மல்லாட்ட திங்கிறியா, மல்லாட்ட திங்கறதுக்கு டயட்ல இருக்கிறியா?"

மாதக் கடைசியில் தொண்ணூற்றெட்டு.

(அடிக்குறிப்பு: சந்தேகத்துக்கு லாரி மேடையிலும் ஏறிப் பார்த்தான். அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். நூறு என்றது. இறங்கிவிட்டான்.)

பூவிழியிடம் போனில் தொண்ணூற்றிரண்டு என்று சொன்னான்.

4

இங்கே எழுதுகிறவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த அசோகன் நம்பும்படியான ஆளாக இல்லை. தங்கைக்கு உறுப்பைக் கொடுக்கத் துணிந்தவன் கடலையை விடமாட்டானா? வாய் ருசி என்று காரணம் எழுதிப் பார்த்தான். ஒட்டவில்லை. பசி என்று எழுதினான். அதுவும்

போனில் பொய் சொன்ன அந்த வாரச் சனிக்கிழமை பூவிழி சொல்லாமல் எடைமேடை அறைக்கு வந்தாள். மடியில் டப்பா, வாயில் கடலையோடு அண்ணன்.

"தொண்ணூத்திரண்டா?"

தலையாட்டினான்.

"எடை போடற எடத்துல உக்காந்துகினே பொய் சொல்ற."

பழக்க தோஷத்தில் டப்பாவை அவளிடம் நீட்டினான். உடனே இழுத்துக்கொண்டான். டாக்டர் அவளுக்கு உப்போடு கொட்டை வகைகளையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்.

"எனக்கு ஆகாது. உனக்கு பயம். அதானே?"

அவன் மென்று விழுங்கும்வரை காத்திருந்தாள்.

"பயமா இருந்தா சொல்லுண்ணா. நான் வேற வழி பாக்கறேன். இப்படி தின்னு தின்னு என்னைக் காக்க வெக்காத."

"மயக்க மருந்து குடுத்தா..." அசோகன் டப்பாவின் மூடியைத் திருகினான். "எழுந்திருக்கவே மாட்டேனோன்னு இருக்குது பூவு. எண்பத்தஞ்சு வந்துட்டா படுத்தாகணும்ல."

ஒரு மாதமாக டாக்டரிடமும் மனைவியிடமும் சொல்லாததை யாரிடம் சொல்லக்கூடாதோ அவளிடமே சொல்லிவிட்டான். வெட்கமாக இருந்தது. மூச்சு மட்டும் லேசாக வந்தது.

"எனக்கும் அதே பயம்தான்" என்றாள் பூவிழி. "உனக்கு எதுனா ஆயிட்டா அண்ணி மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

டப்பாவை வாங்கினாள். ஊசி போட்டுப் போட்டு முடிச்சு முடிச்சாக வீங்கிய இடது கையில் கடலையைக் கொட்டினாள். சின்னக் கை. பத்துப் பன்னிரண்டுதான் நின்றது. "ஒரு நாளைக்கு இவ்ளோதான்" என்று அதை அவன் கையில் வைத்துவிட்டு, டப்பாவைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனாள்.

5

முடிவுகள்.

அ. எண்பத்தைந்தை எட்டுகிறான், ஆபரேஷன் நடக்கிறது, இருவரும் பிழைக்கிறார்கள். (எழுதியதை அவனாலேயே நம்பமுடியவில்லை. அடிக்கவும் மனமில்லை.)

ஆ. எட்டவில்லை. பூவிழி காத்திருப்போர் பட்டியலில்

இதைத் தொடரவில்லை.

இ. கடைசி நாளில் ஓடிவிடுகிறான். இதை நம்புவது அவனுக்குச் சுலபமாக இருந்ததுதான் கஷ்டம்.

இன்று காலை தொண்ணூற்றுநான்கு. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பூவிழி இதுவரை எழுதியதைப் படித்தாள்.

"முடிவு எங்க?"

"நீயே ஒண்ணு சொல்லேன்."

"உக்காந்து எழுதினா கிலோ எறங்குமா? எந்திரி. எக்கியார்குப்பம் வரைக்கும் நடந்துட்டு வா."

"பயம் போவலையே."

"பயத்தையும் கூட்டிகினு நட."

ஆகவே வாசகரே, மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது தோன்றினாலும் சரி. அவள் பேனாவுக்குக் கை நீட்டுகிறாள். அசோகன் எழுந்து செருப்பை