காலையில் போடுவதில்லை

அறையில் இருந்தவர்கள்: தைராய்டு டாக்டர், கையில் டார்ச்சோடு ஒரு நர்ஸ், என் மனைவி, அவளுடைய அண்ணன், கட்டில் ஓரத்தில் நான். நான் தினமும் மாத்திரை போடுகிறவன் என்பதை அந்த ஐந்து பேரில் நம்பியது நான் மட்டும்தான்.

தட்டில் பத்து மாத்திரைகள், சட்டைப் பொத்தானைவிடச் சின்னவை. பத்தையும் இவர்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். பிறகு மணிக்கொரு முறை ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் மருந்து ஏறினால் இத்தனை நாளும் வீட்டில் ஏமாற்றியிருக்கிறேன் என்று பொருள். ஏறாவிட்டால் கோளாறு குடலில்.

"நல்லா யோசிச்சுக்குங்க," என்றார் டாக்டர். "இப்பவே உண்மையைச் சொல்லிட்டா இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம். யாரும் உங்களை அடிக்கப் போறதில்லை."

"தண்ணி குடுங்க," என்றேன்.

விழுங்கினேன். நர்ஸ் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொன்னாள், கன்னத்தின் உட்புறம் விரலை விட்டுத் துழாவினாள். மச்சானும் குனிந்து எட்டிப் பார்த்தார், மாடு வாங்க வந்தவர் பல் பார்ப்பதுபோல.

"ஒண்ணும் காணோம்," என்று தங்கையிடம் சொன்னார். அவர் குரலில் ஏமாற்றம்.

ஒன்பது வருடம் குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். ஏழாவது வருடம் கழுத்துச் சுரப்பி சோம்பிப் போனது. முகம் உப்பியது, குரல் தகரமானது, கிடங்கை விட்டு வெயிலுக்கு வந்த பிறகும் குளிர் விடவில்லை. வயிறு வேறு தனிக் கச்சேரி வைத்தது. எதைத் தின்றாலும் ஊதும். ஒரு நாளைக்கு ஆறு தடவை கழிவறை. "பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே இது, உங்களுக்கு எப்படி மாப்பிள்ளை?" என்று மச்சான் கேட்டார். சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும்.

முதலில் பார்த்தது வேறொரு டாக்டர். "மாத்திரையைக் காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல போடுறீங்களா?" என்று கேட்டார்.

"காலையில நான் எந்திரிக்க மாட்டேன் சார், படுக்கப் போவேன். சாயந்திரம் நாலு மணிக்கு எந்திரிச்சதும் போடுறேன். வெறும் வயித்துலதான்."

அவர் முதல் பாதியைத்தான் கேட்டார். 'காலையில் போடுவதில்லை' என்று எழுதினார். அடுத்த முறை வேறொருவர் பழைய குறிப்பைப் பார்த்து எழுதினார், அதற்கடுத்த முறை இன்னொருவர். நாலாவது முறை எழுதியவருக்குக் கை வலித்ததோ என்னவோ, 'காலையில்' உதிர்ந்துவிட்டது. 'மாத்திரை போடுவதில்லை' என்பது மட்டும் மிஞ்சியது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் என்னைப் பந்தாடினார்கள். வயிற்று டாக்டர் கோப்பைத் திறந்து, படித்து, மூடினார். "முதல்ல தைராய்டு மாத்திரையை ஒழுங்காப் போடுங்க. அது அடங்கினா வயிறு தானா அடங்கும்." வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். மறுத்துவிட்டார். தைராய்டு டாக்டரோ, "வயித்துக் கதையை வயித்து டாக்டர்கிட்ட சொல்லுங்க," என்று மருந்தின் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார். இதற்கு நடுவில் கிடங்கில் நின்றபடியே தூங்கி ஒரு அடுக்கைச் சரித்தேன். போகச் சொல்வதற்கு முன்னால் நானே போய்விட்டேன்.

என் மனைவியும் அந்த வரியைப் படித்தாள். அன்றிலிருந்து மெத்தை உறை, சட்டைப் பை, தொட்டிக்கடியில் போகும் குழாய் என்று துப்பிய மாத்திரையைத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதையும் என் சாமர்த்தியம் என்றாள்.

இரண்டாவது ரத்தம் எடுத்து முடித்ததும் வயிறு கலக்கியது.

"தனியா விட முடியாது," என்றாள் நர்ஸ். "வாந்தி எடுத்துட்டா டெஸ்ட்டே வீண்."

"நான் போறேன்," என்று மச்சான் எழுந்தார். கழிவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளை, பேசிக்கிட்டே இருங்க. சத்தம் நின்னா உள்ள வந்துடுவேன்," என்றார்.

"என்னத்தைப் பேச?"

"ஏதாவது. உங்க வேலையைப் பத்தி."

உட்கார்ந்தபடி கிடங்கை ஒப்பித்தேன். முதல் வரிசை, உறைந்த பட்டாணி. இரண்டாம் வரிசை, மீன் துண்டு. ஐந்தில் வெண்ணெய். ஏழுக்கு வரும்போது குடல் முறுக்கிக் குரல் நின்றது.

"ஏழுல என்ன?" என்று வெளியிலிருந்து அதட்டல்.

"கோழி," என்று கத்தினேன். நடைபாதையில் யாரோ சிரித்தார்கள்.

மதியம் முடிவுகள் வந்தன. டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். முதல் மணியில் எவ்வளவோ, கடைசி மணியிலும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். பத்து மாத்திரையும் குடலோடு போய்விட்டன.

"லேப்ல ஏதாவது மாறியிருக்கலாம்," என்றார்.

"ரத்தம் எடுத்தது உங்க நர்ஸ். ட்யூப்ல பேர் எழுதினது உங்க நர்ஸ். வாய்க்குள்ள கை விட்டது உங்க நர்ஸ். அந்த வரியை அடிங்க."

"கோப்புல எதையும் அழிக்கக் கூடாது. கீழே வேணும்னா சேர்க்கலாம்."

"சேருங்க. 'போடுகிறான், குடல் வாங்கவில்லை'ன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுங்க. அதுவரைக்கும் நான் இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்."

எழுதினார். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதினார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வரவில்லை. மச்சான் வண்டியை எடுக்கப் போவதாகச் சொல்லிக் கழன்றுகொண்டார். என் மனைவி தன் கைப்பையின் வாரைத் திருகியபடி, "அப்ப நிஜமாவே போட்டுட்டுத்தான் இருந்தீங்களா?" என்றாள்.

இரண்டு வருடம் நான் சொன்னபோது நம்பாதவள், ஒரு துண்டுத் தாள் சொன்னதும் நம்பிவிட்டாள். நான் கட்டிலை விட்டு இறங்கினேன்.

மூன்றாம் நாள் வயிற்று டாக்டர் அதே கோப்பைத் திறந்தார். புதிய குறிப்பில் விரல் நின்றது. "இவ்வளவு மோசமா இருக்கு, ஏன் முன்னாடியே வரலை?"

"வந்தேன். நாலு தடவை. நீங்கதான் அனுப்பி வச்சீங்க."

அவர் பக்கத்தைப் புரட்டவில்லை. "குழாய் விட்டு, குடல்ல சின்னதா சதை எடுத்துப் பார்ப்போம். இன்னைக்கே," என்றார்.

சிகிச்சை அறை வாசலில் வேறொரு நர்ஸ் பச்சை அங்கியை நீட்டினாள். "கூட யாரு?"

"நான்தான், மனைவி," என்று முன்னால் வந்தாள். "மயக்கம் குடுக்குற வரைக்கும் பக்கத்துல இருக்கேனே. பயப்படுவார்."

"நான் பயப்படல," என்றேன்.

"இன்னும் கோபமா? டாக்டரே அப்படி எழுதியிருந்தா நான் என்னங்க பண்ணுவேன்?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே!"

"கேட்டே. அப்புறம் மெத்தையைக் கிழிச்சே."

நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "முடிஞ்சு வெளியே வர்றப்போ தள்ளாடும். ஆள் வேணும் சார்."

"வெளியே வர்றப்போ பிடிச்சுக்கட்டும். உள்ளே யாரும் வேண்டாம். நான் என்ன விழுங்குறேன்னு பார்க்கிறதுக்கு இனிமே ஆள் வேண்டாம்."

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு உள்ளே போனேன். நர்ஸ் என் பின்னால் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.