எந்திரம் விட்ட மூலை

...அதற்கு இடுப்பு என்று ஒன்று இல்லையே, அப்புறம் எப்படிக் குனிகிறது, குனியாமல் எப்படி நடுகிறது என்று கர்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார், பார்க்கப் பார்க்கப் புதிராகத்தான் இருந்தது, பின்பக்கம் ஆறு இரும்புக் கை, ஒவ்வொரு கையிலும் நகம், பாய்போல விரித்து வைத்த நாற்றிலிருந்து கோழி கொத்துகிற மாதிரி ஒரு கொத்து, சேற்றில் ஒரு குத்து, மறுபடி கொத்து, மறுபடி குத்து, எத்தனை நாற்றைக் கிள்ள வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது, ஒரு தடவைகூட மறந்து வெறும் நகத்தைச் சேற்றில் வைக்காதா, வெற்றிலை போட வேண்டும் என்று நிற்காதா, டீத்தூக்கு வந்துவிட்டதா என்று ரோட்டைத் திரும்பிப் பார்க்காதா... ஐம்பத்து நான்கு வயதில் இப்படி வாயைப் பிளந்து நிற்கிறோமே என்று தோன்றியது, தோன்றினாலும் வாயை மூட மனம் வரவில்லை. போன போகம்வரை இதே வயலில் வரிசையாகப் பெண்கள் இறங்கி நின்றார்கள், இன்றைக்கு ஓர் எந்திரமும் அதன்மேல் ஒரு விஜயகுமாரும். நடவு நடக்கிறது, சத்தமும் இருக்கிறது, ஆனால் பேச்சுச் சத்தம் இல்லை, அதுதான் என்னவோபோல் இருந்தது.

இந்த விஜயகுமார் யார் என்று பார்த்தால் அதுவும் வேடிக்கைதான். மூன்று வருடத்துக்கு முன்புவரை இவன்தான் ஜீப் ஓட்டினான், விடியுமுன் ஊர் முக்கில் வந்து ஹாரன் அடிப்பான், பெண்கள் சோற்றுத் தூக்குடன் ஏறுவார்கள், இடம் இல்லாவிட்டாலும் ஏறுவார்கள், கம்பம்மெட்டு வழியாக மலையேற்றிக் கொண்டுபோய்க் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவான். இந்தப் பக்கத்து வயலுக்கெல்லாம் ஆள் இல்லாமல் போனது யாரால் என்று கேட்டால் டீக்கடையில் இவன் பெயரைத்தான் சொல்வார்கள், இப்போது ஆள் இல்லை என்றதும் கடன் வாங்கி நடவு எந்திரத்தை இறக்கியவனும் இவனேதான். அன்றைக்கு ஆளை ஏற்றிப்போனவனுக்கு இன்றைக்கு எந்திரத்துக்கு வாடகை கொடுக்கிறோம், கெட்டிக்காரன் பிழைத்துக்கொள்வான், நாம்தான் வரப்பில் நிற்கிறோம்... ஆனாலும் அவன்மேல் கோபம் வரவில்லை, அவன் ஏற்றிப்போனவர்களில் மகாலட்சுமியும் ஒருத்தி, அவளை யாரும் கையைப் பிடித்து இழுத்து ஏற்றவில்லை, கர்ணனின் மனைவி தானாகத்தான் ஏறினாள்.

அதுதான் பிடிபடவே இல்லை. சொந்த நிலம், வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அதை விட்டுவிட்டு அந்த வளைவு வளைவான ரோட்டில் குலுங்கிக்கொண்டு ஏன் போக வேண்டும். குனிய முடியவில்லை என்றாலும் சரி என்று விடலாம், ஏலக்காய் என்ன தலைக்கு மேலா காய்க்கிறது, தூர்மூட்டில் அல்லவா காய்க்கிறது, அங்கேயும் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும், மேலே மழை, கீழே அட்டை, சாயங்காலம் வந்து காலில் ரத்தப்பொட்டைக் கழுவுகிறாள், கழுவிக்கொண்டே சிரிக்கிறாள், தோட்டத்தில் யாரோ சொன்ன பேச்சை நினைத்துச் சிரிக்கிறாள். ஒருநாள் கேட்டே விட்டார், அங்கேயும் ஒருவர் மேற்பார்வைக்கு நிற்கிறார் அல்லவா என்று. "நிக்காம, கங்காணி இருக்காகள்ல" என்றாள். "அப்புறம் என்ன, இங்கனயும் அதே வேலைதான?" என்று கேட்டதற்கு ஈரக் காலைத் துடைத்தபடி, "சாயங்காலம் ஆச்சுன்னா அவுக அங்கனயே இருந்துக்குவாக, நாங்க ஜீப்புல ஏறி வந்துருவோம்" என்றாள். இது ஒரு பதிலா, கங்காணி அங்கே இருக்காமல் கூடவா வருவார்... அன்றைக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை, ஆனால் காதில் விழுந்த தண்ணீர்போல உள்ளேயே நிற்கிறது.

இந்தப் போகம் நின்றுவிட்டால் இனி இந்த வயலில் நெல் இல்லை, அது தெரிந்துதான் இப்படிக் கண் கொட்டாமல் பார்க்கிறார். இரண்டு பக்கமும் மச்சான் சுருளிராஜனின் தென்னை, மகாலட்சுமிக்கு அண்ணன், தேனியில் கடையில் உட்கார்ந்துகொண்டு செல்போனைத் தட்டினால் இங்கே மோட்டார் ஓடும், சொட்டுக் குழாயில் தண்ணீர் போகும், ஆள் என்கிற பேச்சே கிடையாது. டீக்கடையில் நாலு பேர் முன்னால்தான் சொன்னார், "நட்டுப் பாருங்க மாப்ள, வேணாங்கல, ஒரு மூலை தரிசா விழுந்தாலும் நான் தென்னம்பிள்ளையோட வந்துருவேன்." கர்ணனும் ரோஷத்தில் சரி என்று தலையாட்டிவிட்டார். தென்னை கெட்டதா என்ன, கெட்டதில்லை, ஆனால் நட்ட பத்தாம் நாள் பச்சை பிடித்து, காற்று அடிக்கும்போது வயல் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்புமே, அதை வரப்பில் நின்று பார்ப்பதற்கு ஈடாக அவருக்கு உலகத்தில் ஒன்றும் கிடையாது, தென்னந்தோப்பில் நின்று எதைப் பார்ப்பது, நிழலையா... எந்திரம் ஒரு சுற்று முடித்துத் திரும்பியது, வரிசை கோடு போட்டதுபோல் இருந்தது, அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

எல்லாம் அந்தக் கிழக்கு மூலைக்கு வரும்வரைதான். எந்திரம் அங்கே போய் உறுமிவிட்டு, ஒரு வரிசை வைத்தது, வைத்த நாற்றெல்லாம் மிதந்து வரப்போரம் ஒதுங்கியது, விஜயகுமார் இறங்கிக் காலைவிட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "அண்ணே, சேறு படியட்டும், தண்ணி விடாதீகன்னு சொன்னேன்ல, நேத்து விட்டீகளா?" விட்டார். வேண்டும் என்று விடவில்லை, நேற்று முறைவைத்து விடுகிற தண்ணீர் வந்தது, வாய்க்காலில் சலசலவென்று அது வருவதைப் பார்த்ததும் கை தானாக மடையைத் திறந்துவிட்டது, லோயர் கேம்ப்பில் மலையிறங்கி இவ்வளவு தூரம் வருகிற தண்ணீரை இந்தப் பள்ளத்தாக்கில் எவன்தான் போ என்று சொல்லுவான், அப்பன் சொல்லவில்லை, அவரும் சொன்னதில்லை, எந்திரத்துக்குத் தண்ணீர் ஆகாது என்பது மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. மற்ற இடமெல்லாம் வடிந்துவிட்டது, மூலை பள்ளம், அங்கே மட்டும் நின்றுவிட்டது. "இதுக்கு மேல மிஷினு போனா புதைஞ்சிரும்ணே, தண்ணிய வடிச்சுட்டு ரெண்டு பொம்பளைகள விட்டுக் கையால வச்சிருங்க, மிச்ச நாத்து இன்னைக்கே மண்ணைப் பாக்கணும், நாளைக்குத் தாங்காது." ரெண்டு பொம்பளைகள்... சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார், ரெண்டு வாழைப்பழம் என்கிற மாதிரி.

மடையை வெட்டித் தண்ணீரை வடியவிட்டார், அப்புறம் செல்போனை எடுத்தார். நடவுக்கு ஆள் கூட்டிவருகிற ராக்கம்மாள், "முட்டி ரெண்டும் நீட்ட முடியல தம்பி, மருமகளும் மலைக்குப் போயிட்டா, வேற யார்ட்டயாச்சும் கேளுங்க" என்றாள். வேறு இரண்டு பேரும் மலையில், ஒருத்தி தேனியில் மில்லுக்குப் போய்விட்டாள், இன்னொரு எண்ணில் பாட்டு மட்டும் பாடியது. கடைசியாக மகாலட்சுமியை அழைத்தார், மலையில் லைன் கிடைக்காது என்று நினைத்தால் உடனே எடுத்துவிட்டாள், பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம். மூலை நின்றுபோய்விட்டது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், "தண்ணி விட்டீகளாக்கும்" என்றாள், எப்படித்தான் அங்கேயிருந்து தெரிகிறதோ. அரைநாள் லீவு சொல்லிவிட்டு மதியம் ஏதாவது வண்டியில் இறங்கி வர முடியுமா என்று கேட்டார், கேட்கும்போதே குரல் கெஞ்சுவது அவருக்குக் கேட்டது. "இன்னைக்குக் காய் எடுப்பு, நடுவுல விட மாட்டாக. அங்கன வேற யாரும் இல்லையா?" "எல்லாரையும் கேட்டாச்சு." "எல்லாரையும்னா?" என்றாள், அதோடு லைன் அறுந்துவிட்டது. எல்லாரையும்னா எல்லாரையும்தான், அதில் என்ன கேள்வி, யாரைக் கேட்காமல் விட்டோம்... விரல்விட்டு ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தார், எல்லாம் பெண்கள் பெயராக வந்தது, அப்போதுதான் எந்திரத்தின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிற விஜயகுமாரைப் பார்த்தார், இவ்வளவு நேரம் நடவு நட்டது யார், ஓர் ஆம்பிளைதானே, இதில் உட்கார்ந்தால் நடலாம், இறங்கினால் நடக்கூடாது என்று யார் சொன்னது.

யாரும் சொன்னதில்லை, அப்படித்தான் இருந்தது. ஆம்பிளை உழுவான், நாற்றுப் பறிப்பான், முடி கட்டித் தூக்கி எறிவான், வரப்பேறி நின்று கோணுது, வெரசா என்று குரல் கொடுப்பான், நடுவது பெண்கள். இவ்வளவு வருடம் நெல் விளைத்தவர் ஒரு நாற்றுகூட ஊன்றியதில்லை என்பது இப்போது நினைத்தால் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்தார், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார், யாராவது ரோட்டில் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார், பாய் நாற்றில் ஒரு துண்டைக் கிழித்து இடது கையில் ஏந்திக்கொண்டு மூலையில் இறங்கினார். பார்த்துப் பழகியதுதானே, என்ன பெரிய வித்தை, கிள்ளு, ஊன்று, அடுத்தது... முதல் நாற்று சாய்ந்தது, அடுத்தது கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது, அதற்கடுத்தது நின்றது, நின்றதைப் பார்த்துவிட்டு ஓர் அடி முன்னால் வைத்தார், நட்டதெல்லாம் அவர் கால்குழியிலேயே போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது, அவர்கள் பின்னால் அல்லவா போவார்கள், நட நடப் பின்னால் அல்லவா காலை எடுத்து வைப்பார்கள், இத்தனை போகம் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு இதுகூடக் கண்ணில் படவில்லை என்றால் அப்புறம் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பச்சையையா, வரிசையையா... வெட்கமாக இருந்தது, ஆனால் அதைவிட அதிகமாக, வேறு என்னென்ன பார்க்காமல் விட்டோம் என்று தெரிந்துகொள்கிற ஆவலாக இருந்தது. பின்னால் நகர்ந்தார். குனிந்துவிட்டால் வயல் என்று ஒன்று இல்லை, தன் கால், தன் கை, அதற்கு நடுவில் கலங்கிய தண்ணீர், அவ்வளவுதான், பச்சையும் இல்லை, காற்றும் இல்லை, தனியாக இதைச் செய்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால்தான் பேசுகிறார்களோ, பேசிக்கொண்டே போனால்தான் இடுப்பு இருப்பது மறக்குமோ. அவரும் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார், நாற்றோடுதான் பேசினார், "நில்லு, நில்லு தாயீ, சாயாத."

"கோணுதுண்ணே, வரிசை கோணுது, கொஞ்சம் வெரசாப் போடுங்க, மலையில மழை எறங்குது." குரல் கேட்டதும் வாய் சட்டென்று நின்றுவிட்டது, இவன் யார் வெரசாப் போடச் சொல்ல, இவன் நல்லதுக்குத்தான் சொல்கிறான், ஆனாலும் இவன் யார்... வரப்பில் கிடந்த சட்டைக்குள் செல்போன் அடித்தது, சேற்றுக் கையோடு அவர் விழிக்க, விஜயகுமார் எடுத்து, "அக்கா கூப்பிடுறாக" என்று ஸ்பீக்கரில் வைத்தான். "அக்கா, அண்ணன் எறங்கி நட்டுக்கிட்டு இருக்காருக்கா, கை பூராஞ் சேறு, பேச முடியாது." அந்தப் பக்கம் அவள் அதை யாரிடமோ சொல்வது கேட்டது, பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி விடாமல் சிரித்தாள், கேலி மாதிரியும் இருந்தது, கேலி இல்லாத மாதிரியும் இருந்தது. சிரிப்பு அடங்கியபின் மகாலட்சுமியின் குரல் வந்தது, அவள் சிரிக்கவில்லை. "அவுக நடுறாகன்னா, வரப்புல யாரு நிக்கிறா?"

விஜயகுமார் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, "நான்தேங்க்கா" என்றான். கர்ணன் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார், இரண்டு கால், முழங்கால்வரை சுருட்டிய பேன்ட், அதற்குமேல் வானம் வெளுத்துக் கண் கூசியது, முகம் தெரியவில்லை. தெரிந்தவன்தான், அண்ணே அண்ணே என்று கூப்பிடுகிறவன்தான், ஆனால் இங்கேயிருந்து பார்த்தால் ஒரு குரலும் இரண்டு காலும்தான், அந்தக் கால் இருக்கிற பக்கம் பேச வாய் வரவில்லை. இவன் இன்னும் கொஞ்ச நேரத்தில் எந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவான், ஆனால் ஒருவேளை அந்தக் கங்காணிபோல் இருந்த இடத்திலேயே இருந்துகொள்ளாமல் இந்தக் காலே சாயங்காலம் வீட்டுக்கும் கூட வந்தால், சோற்றுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்... லைன் அறுந்துவிட்டது, மழை பெரிய பெரிய துளியாக விழுந்தது, இன்னும் பாதி மூலை கிடந்தது. அவர் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தார். சாயங்காலம் அவள் ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தார், கட்டாயம் கேட்க வேண்டும், என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.