மூடாத ஜெபநோட்டு

மூன்று வெள்ளி எழுபது சென், ஆண்டவரோடு ஒரு வருஷம் பேச... நாலு வெள்ளி சொன்ன கடைக்காரரிடம் முப்பது சென் குறைத்து வாங்கியது, பத்து பாகாட் ஊரில் இருபது வருஷம் துணிக்கடை நடத்துகிறவள் வேறெப்படி வாங்குவாள், அந்த ஜெபநோட்டுதான் இப்போது தர்மினியின் மடியில், கடைசித் தாள்வரை நிரம்பி, இடப்பக்கம் கேட்டது, வலப்பக்கம் கிடைத்தது, முட்டிவலி குறைந்தது, கடைக்கூரை ஒழுகல் நின்றது, எல்லாவற்றுக்கும் பச்சை மையில் தேதி, ஒரே ஒரு வரிக்கு மட்டும் எதிரே தினமும் வெள்ளை... மகன் தயா போன் பண்ண வேண்டும். மூன்று வருஷமாகச் சிங்கப்பூரில்தான் இருக்கிறான், பாலம் தாண்டினால் போதும், அவன் என்ன நிலாவிலா இருக்கிறான்?

மாதர் ஐக்கியத்தின் வருஷக் கடைசிக் கூட்டம், கிடைத்ததை எழுந்து வாசிக்க வேண்டும், கிடைக்காததற்கு எதிரே 'உம் சித்தம்' என்று எழுதி நோட்டை மூடிவிட வேண்டும், பாஸ்டரம்மா புது நோட்டு தருவார், அதுதான் வழக்கம்... சரக்கு வராமலே ரசீதில் கையெழுத்தா, அப்பா இருந்திருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பார், பிள்ளை பேசாதது ஆண்டவர் சித்தமென்றால் அதை அவரே எழுதட்டும், என் கையால் எதற்கு?

"உன் முறைம்மா தர்மினி, எழுதிட்டியா?" பாஸ்டரம்மாதான். "எழுத மாட்டேங்க. எம்மவன் பேரு மூடற கணக்கு இல்ல." பக்கத்தில் சாந்தினி, வாய் நிறைய கறிபப், "அலமாக், ஆண்டவர்கிட்டயே பேரமா லா?" என்றாள். "பேரம் பேசறவதான்டி சாமான் வேணும்னு நிக்கறா. வேணாங்கறவ சிரிச்சிட்டுப் போயிடுவா." கூடமே சிரித்தது, பாஸ்டரம்மா சிரிக்கவில்லை, புது நோட்டை நீட்டினார், தர்மினி திருப்பித் தள்ளினாள், பழையதன் அட்டையில் உள்பக்கம் இன்னும் இடமிருக்கிறதே, இன்றைய வரிக்கு அது போதாதா, தயா போன் பண்ண... பேனா நின்றது. அவன் கிளம்பிப் போன அன்று வாசலில் அவனிடம் சொன்னாளே, அந்தப் பொண்ணோட இந்தப் படி ஏறாத என்று, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, இடமா, வலமா, புரட்டிப் பார்த்தாள், எங்குமில்லை... சொன்னது அவள், போன் மட்டும் அவன் பண்ண வேண்டுமா? சரி, இருக்கட்டும், அதற்காக மூடிவிட முடியாது. கேட்டது முன்னூற்று அறுபத்தொன்று, கிடைத்தது பூஜ்யம், சொன்னது ஒன்று, பதியவில்லை. பாக்கி யார் பக்கம் என்பதை மட்டும் அவள் எழுதவில்லை.