திரைக்கு அப்பால் ஒரு பெருவிரல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் ஒட்டுக்கேட்டது.

கழுத்து வலிக்காக வாரம் மூன்று நாள் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீளமான ஒரே அறை. நான்கு கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் நடுவே பச்சைத் துணித் திரை. கழுத்துக்கடியில் வெந்நீர்ப் பையை வைத்து மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார்கள். படிக்க முடியாது, போன் பார்க்கக் கூடாது. காதுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கணவனும் மனைவியும் வருவார்கள். அவருக்கு இடுப்பில் தொடங்கிக் கால்விரல் வரை இறங்கும் வலி, சயாட்டிகா. அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். அந்த அம்மா பள்ளியில் கணக்கு டீச்சர். இது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அவர்கள் முகத்தைப் பார்க்க வெகு நாள் ஆயிற்று. ஆகவே இதில் முகங்கள் எப்படி இருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. குரல்களுக்குத்தான் நான் பொறுப்பு.*

* நடுவே சில இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். நிரப்பிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். சொல்ல மறந்தால் மன்னிக்கவும், அது கதை எழுதுகிறவனின் தொழில் புத்தி.

2

இதை எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை முயன்றேன்.

"சைக்கிள் சக்கரத்தைப் போலவே அவருடைய வாழ்க்கையும் சுழன்று..." (அடித்துவிட்டேன். சக்கரம் என்று எழுதினால் போதும், வாழ்க்கை ஓடிவந்து பின்சீட்டில் ஏறிக்கொள்கிறது.)

"பனி விலகாத மலைப்பாதையில் ஒற்றைச் சைக்கிள் ஒன்று..." (இதுவும் வேண்டாம். அந்த மலைப்பாதையை நான் பார்த்ததில்லை. அவர் பேச்சில் பனி ஒருமுறைகூட வரவில்லை. கல்லாவுக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.)

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மருந்துக்காரருக்கு நாற்பத்தொன்பது வயது. இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்பர்கள் ஆறு பேருடன் சைக்கிளில் போவார். ஊரைத் தாண்டி, ஏரிக்கரையைச் சுற்றி, ஒரு மேட்டில் ஏறி இறங்கி வந்தால் எழுபது கிலோமீட்டர். மற்ற ஆறு நாளும் கடையில் நிற்பதற்குக் கிடைக்கும் கூலி அந்த ஏழாம் நாள் என்பது அவர் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்கியபோது வலது பிட்டத்தில் யாரோ சூடான கம்பியை வைத்து இழுத்த மாதிரி இருந்தது. கம்பி தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்காலில் நின்றது. அவர் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேச்சுக்கொடுத்தார். இவரும் சிரித்துச் சிரித்துப் பேசினார். அவர் போன பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

மறுநாள் கடையில் ஒருவர் வந்து முதுகு வலி என்றார். "ரெண்டு நாள் இதைப் போட்டுப் பாருங்க. கேக்கலேன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார். அதே பட்டையிலிருந்து இரண்டைக் கிழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அப்படியே ஐந்து மாதம் ஓட்டினார்.

எப்படி ஓட்டினார் என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டாள். சின்ன வயசுதான், ஆனால் குரலில் தலைமை ஆசிரியை தோரணை இருக்கும்.

"சைக்கிள்ல இருக்கறப்ப வலிக்காதும்மா. இறங்கினாதான் வலி."

"அதனால?"

"அதனால, முடிஞ்ச வரைக்கும் இறங்காம இருந்தேன்."

திரைக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்தை அசைக்கக் கூடாது என்பதால் வயிற்றால் சிரித்தேன்.

வீட்டில் தரையில் படுத்தார். ஏன் என்று கேட்டால் தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். குனிந்து சாக்ஸ் போட முடியவில்லை. கால் வியர்க்கிறது என்று சொல்லிச் செருப்புக்கு மாறினார். தும்மல் வந்தால் அலமாரியைப் பிடித்துக்கொள்வார். டீச்சர் எதையும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காகக் கவனிக்கவில்லை என்று ஆகாது. இந்த வரி நான் நிரப்பியது. பின்னால் நடந்ததை வைத்து எழுதுகிறேன்.

4

அன்றைக்குப் புதன்கிழமை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு நடந்து போனார். இரண்டு தெரு தூரம். டீச்சர் விடுப்பில் இருந்தார், மேசை முழுக்கப் பரீட்சைத் தாள்கள். கதவைத் திறந்தவர் முதலில் கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"இன்னொரு செருப்பு எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். உள்ளங்காலில் புழுதி அப்பியிருந்தது. வெளியே தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருந்தது. எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. சூடும் தெரியவில்லை. கம்பளத்தின் மேல் நடந்த மாதிரி இருந்தது என்று பிசியோதெரபிஸ்டிடம் சொன்னார்.

டீச்சர் உடனே தெருவில் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் செருப்பு இருந்தது. தெருமுனைத் தையல்கடை வாசலில் கிடந்ததாம். நூற்று அறுபத்துநாலு எட்டு தூரம். கணக்கு டீச்சர், எண்ணாமல் வருவாரா.

செருப்பைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"நான் கேக்கறது உங்களுக்குப் புரியுது."

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அஞ்சு மாசம்."

[இந்த இடத்தில் என் முதல் பிரதியில், மருந்துக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு ஒருநாள் அனுமதி கேட்க அவர் கடைக்கே பிரதியைக் கொண்டுபோனேன். கல்லாவில் வைத்துப் படித்துவிட்டு இந்த இடத்தில் விரலை வைத்தார். "நான் அழலை சார். அவதான் அழுதா. அதுவும் வீட்ல இல்ல, செருப்பு கிடந்த இடத்துல. ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னா." ஆகவே திருத்துகிறேன். தையல்கடை வாசலில், கையில் ஒற்றைச் செருப்போடு, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் டீச்சர் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டுகளை எண்ணியபடி வீட்டுக்கு வந்தார்.]

5

டீச்சர் விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். கதைக்கு ஒரு எதிராளி தேவை என்று நினைத்து அவரைச் சைக்கிளுக்கு எதிரியாக்கினேன். "இந்தச் சனியனை முதல்ல வித்துத் தொலைங்க" என்று ஒரு வசனமும் எழுதி வைத்தேன். நல்ல வசனம்தான். ஆனால் அவர் அப்படிச் சொல்கிற ஆளில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்தது. அறுவை செய்யும் டாக்டர் நிதானமானவர். ஆறு வாரம் பயிற்சி செய்து பார்க்கலாம், கால் தேறாவிட்டால் அறுவைதான் என்றார். நடுவில் கால் இன்னும் தளர்ந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ, அந்த நிமிஷமே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். சைக்கிளைத் தொடவே கூடாது.

பயிற்சியின் இரண்டாம் வாரத்தில்தான் டீச்சர் வாயைத் திறந்தார். பிசியோதெரபிஸ்ட் சமாதானமாக ஏதோ சொன்னாள், சார் இனிமேல் சைக்கிள் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல.

"சைக்கிள் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா" என்றார் டீச்சர். "ஞாயிற்றுக்கிழமை இவர் வெளிய போனாத்தான் எனக்கு நிம்மதியா பேப்பர் திருத்த முடியும். மூணு வாரமா அன்னைக்கும் வீட்லயே இருக்காரு. சீப்பு எங்க, கத்திரிக்கோல் எங்கன்னு ஒரு மணி நேரத்துக்கு நாலு கேள்வி."

பிசியோதெரபிஸ்ட் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் மருந்து சொல்ற மனுஷன். எங்கிட்ட சொன்னா சைக்கிளைப் பிடுங்கிடுவேன்னு நினைச்சிருக்காரு. இருபத்திரெண்டு வருஷத்துல நான் என்னத்தைப் பிடுங்கியிருக்கேன், கேளுங்க."

அவர் படுத்திருந்த கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் என் நல்ல வசனத்தை அடித்தேன்.

6

இனி பெருவிரல்.

முதல் நாளே பிசியோதெரபிஸ்ட் அவருடைய இரண்டு கால் பெருவிரல்கள் மேலும் தன் விரல்களை வைத்தாள். "என் விரலை மேல தள்ளுங்க சார்." இடது பெருவிரல் உடனே நிமிர்ந்தது. வலது பெருவிரல் அசையவில்லை. (நான் பார்க்கவில்லை. "ம், தள்ளுங்க. இன்னும். தள்ளுறீங்களா?" "தள்ளிட்டுத்தான்மா இருக்கேன்." இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.)

நரம்பு பிழைக்கிறதா இல்லையா என்பதை அந்த விரல்தான் சொல்லும் என்றாள். அன்றிலிருந்து டீச்சர் தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் கட்டிலோரம் உட்கார்ந்து, விரலுக்குப் பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி வைப்பார். "தூக்குங்க." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவார். புருவம் தூக்கும், தோள் தூக்கும், விரல் தூக்காது. டீச்சர் பள்ளி நாட்குறிப்பில் சுழியம் போடுவார்.

முதல் வாரம் சுழியம். இரண்டாம் வாரம் சுழியம். குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சை உயர்த்தும் பயிற்சியை அவர் நாளுக்கு ஆறு முறை செய்தார். கடையில் ஆளில்லாத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் தரையில் குப்புறப் படுப்பார். அந்த நேரம் பார்த்து மாத்திரை வாங்க வந்த ஒரு பெரியவர், கடையில் யாருமில்லை என்று நினைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திரும்பிப் போனார்.

காலுக்குள் இறங்கிய வலி மெல்ல மேலேறியது. கெண்டைக்காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு. அது நல்ல சகுனம் என்றாள் பிசியோதெரபிஸ்ட். ஆனால் விரல்?

இங்கே நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் கழுத்து வலி போய்ப் பத்து நாளாகியிருந்தது. சொல்லவில்லை. அவர்கள் வருகிற நேரத்துக்கே என் நேரத்தையும் மாற்றி வாங்கிக்கொண்டு, வலிக்காத கழுத்தில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு காத்துக்கிடந்தேன்.

பத்தொன்பதாம் நாள், திரைக்கு அப்பால் அவர் குரல் வழக்கத்தைவிட வேகமாக வந்தது.

"காலைல ரெண்டு மில்லிமீட்டர்னு சொல்றாம்மா. எனக்கு நம்பிக்கை இல்ல. என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றா."

"கணக்குல நான் யாரையும் தேத்தினதில்ல" என்றார் டீச்சர். "எங்க ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க."

"சரி, நானே பார்க்கறேன். தள்ளுங்க சார்."

எனக்கு அந்தப் பக்கம் மற்ற இரண்டு கட்டில்களிலும் ஆள் இருந்தார்கள். அவர்களும் மூச்சை அடக்கியிருந்தார்கள் என்று எழுத ஆசை. தெரியாது. நான் அடக்கியிருந்தேன்.

"வருது சார்" என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

யாரும் கொண்டாடவில்லை. டீச்சர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். வெகு நேரம் தேடினார்.

7

அதன் பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. ஆறாம் வாரம் டாக்டர் காலைப் பார்த்து, அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எட்டாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னாள். அதை அறைக்குள்ளேயே கொண்டுவந்து, பின்சக்கரம் தரையில் படாதபடி சுவரோரம் ஒரு தாங்கியில் நிறுத்தி, மேலே உட்கார வைத்துப் பெடலை மிதிக்கச் சொன்னாள்.

"சீட் ரொம்ப உயரம். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுது."

"இருபது வருஷமா இதே உயரந்தாம்மா."

"இருபது வருஷத்துக்கு முன்னாடி இருந்த முதுகா இப்ப இருக்கு?"

சீட் இரண்டு விரல் இறங்கியது. ஹேண்டில்பார் நான்கு விரல் ஏறியது. இப்படி ஓட்டினால் மற்ற ஆறு பேரும் பால்காரர் வருகிறார் என்று கேலி செய்வார்கள் என்றார் மருந்துக்காரர். செய்யட்டும் என்றார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை, சமதரையில், இருபது நிமிடம், லேசான கியர். அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது என்பது உத்தரவு.

8

முடிவுகள்.

அ) அவர் சைக்கிளை விற்றுவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறார். (இலக்கியமாகத் தெரியும். பொய்.)

ஆ) அவர் மேட்டின் உச்சியில் நின்று கைகளை விரிக்கிறார். (விளம்பரம்.)

இ) நடந்தது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை, அவர்களுக்குக் கடைசி நாள். "ஓட்டினீங்களா சார்? எப்படி இருந்துது?" என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில் நடைபாதையில் யாரோ ஒரு இரும்பு அலமாரியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் என்ன சொன்னார் என்று ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. சத்தம் நின்றதும் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சிரிப்பு எனக்குப் புதுசு. இத்தனை வாரத்தில் டீச்சர் சிரித்து நான் கேட்டதே இல்லை. நிறுத்தப் பார்த்தும் நிறுத்த முடியாமல் வருகிற சிரிப்பு.

கடையில் பிரதியைப் படித்து முடித்ததும் மருந்துக்காரர் கேட்டார், "முடிவு இல்லையே சார். அன்னைக்கு என்ன சொன்னேன்னு சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது. சொன்னால், அது அவ்வளவு பெரிய வேடிக்கையாக இல்லாமல் போய்விடுமோ என்று பயந்திருக்கலாம்.

ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

"ஓட்டினீங்களா சார்? எப்படி இருந்துது?"

"[                                        ]"

நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் திரும்பினாரா, நாற்பது நிமிடம் சுற்றினாரா, எல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று, டீச்சருக்குச் சிரிப்பு வர வேண்டும்.